தலையாட்டும் பிள்ளைக்குக் கேட்டதா?

ஆசிரியர்கள் அறையில் மாணவர்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் சில புகார்கள் உண்டு. ‘கூப்பிட்டால் திரும்பவே மாட்டான்.’ ‘ஒன்று சொன்னால் வேறொன்றைச் செய்வாள்.’ ‘பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதக்கூடச் சோம்பல்.’ ‘காலையில் நன்றாகத்தான் இருக்கிறான், பதினொரு மணிக்கு மேல் மனம் எங்கோ போய்விடுகிறது.’ இவற்றில் பல, பிள்ளைகளுக்கே உரிய குறும்பைப் பற்றியவை. சில காதைப் பற்றியவை. சில கண்ணைப் பற்றியவை. எது எதைப் பற்றியது என்று முதலில் பிரித்தறியக்கூடியவர் மருத்துவர் அல்லர். அந்தப் பிள்ளையோடு தினமும் சில மணி நேரம் இருக்கும் ஆசிரியர்தான்.

முற்றும் காது கேளாத பிள்ளையையும் பார்வையே இல்லாத பிள்ளையையும் பெரும்பாலும் பள்ளி வயதுக்கு முன்பே குடும்பம் கண்டுகொள்கிறது. நம் வகுப்பில் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அரைகுறையாகக் கேட்பவர்களும் அரைகுறையாகப் பார்ப்பவர்களும். ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளை, சளி பிடித்த மாதங்களில் மட்டும் செவி மந்தமாகும் பிள்ளை, ஒரு கண்ணையே நம்பி வாழும் பிள்ளை, கண்ணாடி உடைந்து ஆறு மாதமாகியும் வீட்டில் சொல்லாத பிள்ளை. தனக்குக் குறை இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கும், இப்படித்தான் தெரியும் என்றே நம்புகிறார்கள்.

மலேசியாவில், புக்கிட் பெருந்துங் போன்ற ஊரில் இது இன்னும் சிக்கலானது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி 1990களில் எழுந்த நகரம் இது. 1997இன் பொருளாதார நெருக்கடியில் கடைகளும் வீடுகளும் வெறிச்சோடிக் கிடந்து, பிறகு மெல்ல மெல்லக் குடியேறியவர்களால் நிரம்பியது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று சுற்றிலும் தோட்டங்களில் பரம்பரையாக இருந்த குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. அப்பா ஷிப்ட் வேலை, அம்மாவும் தொழிற்சாலையில். மருத்துவமனைக்கு ஒரு நாள் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். தோட்டத்தில் இருந்த தாத்தா பாட்டி, ‘இவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்கிறானே’ என்று கவனித்துச் சொல்வதற்கு இப்போது பக்கத்தில் இல்லை. அந்தக் கண்ணும் காதும் இன்று பள்ளியில்தான் இருக்கின்றன.

காது

கேள்திறனை டெசிபெல் என்னும் அளவால் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டில், 20 டெசிபெலுக்குக் குறைவான மெல்லிய ஒலியும் கேட்டால் இயல்பான செவி. ஒலி 20 முதல் 35 வரை உயர்ந்தால்தான் கேட்கிறது என்றால் லேசான குறைபாடு. 35 முதல் 50 வரை மிதமானது. அதற்கு மேல் படிப்படியாகக் கடுமை. ‘லேசான’, ‘மிதமான’ என்ற சொற்கள் ஆசிரியரை ஏமாற்றிவிடும். மிதமான குறைபாடுள்ள பிள்ளையை எதிரில் நிறுத்திப் பேசினால் பதில் சொல்லும். ஆகவே ‘காது நன்றாகத்தானே கேட்கிறது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதே பிள்ளை நான்காம் வரிசையில், தலைக்கு மேல் காற்றாடி சுழல, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க உட்கார்ந்திருக்கும்போது பாதிச் சொற்கள்தாம் வந்து சேர்கின்றன.

எந்தப் பாதி வந்து சேர்கிறது என்பதைத் தமிழாசிரியர் தெரிந்துகொள்வது அவசியம். உயிரொலிகள் கனமானவை, ஆ, ஊ, ஈ எல்லாம் தூரத்துக்கும் கேட்கும். ச, ஸ, ஷ போன்றவை உயர்ந்த சுருதியும் குறைந்த வலுவும் கொண்டவை. பல பிள்ளைகளுக்கு இந்த உயர்ந்த சுருதிதான் முதலில் போகிறது. அவர்களுக்கு நம் பேச்சு ஓசையாகக் கேட்கும், சொல்லாகப் பிரியாது. ‘கேட்குது டீச்சர், ஆனா புரியல’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பொருளின் பாரம் சொல்லின் கடைசியில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார்: கடைசி எழுத்துத்தான் வேறுபாடு. வீட்டை, வீட்டில், வீட்டுக்கு: உருபு கடைசியில். வினைமுற்றும் வாக்கியத்தின் கடைசியில். நாமோ பேசும்போது வாக்கியம் முடிய முடியக் குரலைத் தாழ்த்துகிறோம். ‘இந்தப் பக்கத்தில் எழுதுங்கள்’ என்பதற்கும் ‘இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தாழ்ந்த கடைசிப் பகுதியில் போய்விடுகிறது. வேண்டாம் என்று சொன்னதையே செய்துவிட்டு, ஏன் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

சொல்வதெழுதுதல் தாளும் ஆசிரியர் கையில் இருக்கும் ஒரு சோதனைதான். ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் உருபுகள் தொடர்ந்து விடுபடுவது, சொல்லின் கடைசி மெய் காணாமல் போவது, ‘பணம்’ என்று சொன்னதை ‘மணம்’ என்று எழுதுவது, இவை ஒரே பிள்ளையின் தாளில் திரும்பத் திரும்ப வந்தால் காதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பணம், மணம் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சரியாகக் கேட்காத பிள்ளை, தானறியாமலே உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழகியிருக்கும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கிறது. பாடு, மாடு, படி, மடி, பட்டம், மட்டம்: கண்ணாடி முன் நின்று ஓசையில்லாமல் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. க தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது; காடும் ஆடும் ஒன்றுதான். உதட்டைப் படிப்பது ஒரு துணை மட்டுமே. மீதியை அந்தப் பிள்ளை ஊகித்து நிரப்புகிறது. நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருப்பதால் வரும் களைப்புத்தான் பதினொரு மணிக்கு மேல் ‘மனம் எங்கோ போவதாக’ நமக்குத் தெரிகிறது.

ஊகித்துப் பழகிய பிள்ளை இன்னொன்றையும் பழகிக்கொள்கிறது: தலையாட்டுவது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டுவதைப் பார்த்துத் தானும் ஆட்டும். இல்லை என்று சொன்னால் வகுப்பு திரும்பிப் பார்க்கும். அதைவிடத் தலையாட்டுவது எளிது. நான் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கலாம் என்றால் இந்தக் கேள்வியைக் கைவிடச் சொல்வேன். அதற்குப் பதில், ‘இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல் பார்க்கலாம்’ என்று கேளுங்கள். பிள்ளையின் வாயிலிருந்து வருவதுதான் அதன் காதுக்குள் போனது.

சிறுபிள்ளைகளின் செவிமந்தத்துக்கு மிகப் பொதுவான காரணம் நடுக்காதில் நீர் தேங்குவது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறுவயதில் குட்டையாகவும் கிடையாகவும் இருக்கிறது. சளி பிடிக்கும்போது அது அடைத்துக்கொள்ள, செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் நிற்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது, ஆகவே பிள்ளை சொல்லாது. ஒரு மாதம் நன்றாகப் படித்து அடுத்த மாதம் பின்தங்குகிற ஆண்டு 1, ஆண்டு 2 பிள்ளைகளிடம் இதைச் சந்தேகிக்க வேண்டும். பலருக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். மூன்று மாதமாகியும் போகவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பிள்ளைகளின் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காதில் சீழ் வடியும்போது நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே உள்ளே போகும். பெற்றோர் கூட்டத்தில் இந்த ஒன்றைச் சொன்னாலே பெரிய உதவி.

வகுப்பறையில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. திறந்தவெளிக்கான கணக்கு இது, அறைக்குள் எதிரொலியால் கொஞ்சம் மாறும். ஒரு மீட்டரில் 60 டெசிபெலாக இருக்கும் உங்கள் குரல் நான்கு மீட்டரில் 48 ஆகிவிடுகிறது. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, இரண்டு காற்றாடிகள் ஓடும் உங்கள் வகுப்பில் ஒரு நாள் அளந்து பாருங்கள். துல்லியமாக இராது, ஆனாலும் நிலைமை விளங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை பிள்ளையை அருகில் கொண்டுவருவது. முன்வரிசை என்று சொல்லிவிடுவது போதாது. ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அந்தக் காது உங்கள் பக்கம் இருக்க வேண்டும். சாலைப் பக்க ஜன்னல், காற்றாடி, நடைவழி மூன்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தால் பின்னால் பதில் சொல்லும் பிள்ளைகளின் முகம் தெரியாது. இரண்டாம் வரிசையில் சற்று ஓரமாக இருந்தால் திரும்பிப் பார்க்க முடியும். மற்ற மாணவர் சொல்லும் பதிலை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். பலகையில் எழுதிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும். 2020க்குப் பிறகு வகுப்பில் முகக்கவசம் போட்டுப் பாடம் நடத்திய காலத்தில் நல்ல காதுள்ள பிள்ளைகளே எவ்வளவு தடுமாறினார்கள் என்பது ஆசிரியர்களுக்கு மறந்திருக்காது.

கத்திப் பேசுவதால் பயனில்லை. கத்தினால் உயிரொலிதான் பெருகுகிறது, மெய்யொலி அதற்குள் அமுங்கிவிடுகிறது. முகமும் கோபமாகத் தெரிகிறது. இயல்பான குரலில், சற்று நிதானமாக, வாக்கியத்தின் கடைசியை விழுங்காமல் பேசினால் போதும். காலைச் சபைக்கூடலில் ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்புகள் இந்தப் பிள்ளைகளுக்கு இரைச்சல் மட்டுமே. தேர்வு நாள் மாறியதும் விளையாட்டுச் சட்டை கொண்டுவரச் சொன்னதும் தெரியாமல் போகும். வகுப்புக்கு வந்ததும் அவற்றைப் பலகையின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

காது மிஷின் போட்ட பிள்ளை வகுப்பில் இருந்தால் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். மிஷின் ஒலியைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. காற்றாடிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் தெளிவாகத் தெரிவதுபோல இது உடனே வேலை செய்யாது. பழகுவதற்கு மாதங்கள் ஆகும். பேட்டரி பல மிஷின்களில் ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த மிஷின் காதை அடைத்த தக்கைதான், இல்லாததைவிட மோசம். காலையில் அரை நிமிடம் செலவழித்துச் சோதிக்க ஒரு வழி உண்டு. உலகெங்கும் கேள்திறன் பயிற்சியாளர்கள் செய்வது, டேனியல் லிங் என்பவர் வகுத்தது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் உங்கள் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை பேச்சின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. நேற்றுவரை ஸ் சொன்ன பிள்ளை இன்று சொல்லவில்லை என்றால் மிஷினிலோ காதிலோ ஏதோ கோளாறு. நம் நாட்டின் புழுக்கமும் வியர்வையும் மிஷினுக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். விளையாட்டு நேரத்தில் கழற்றினால் எங்கே பத்திரமாக வைப்பது என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கண்

பார்வைக்கு நம் பள்ளிகளில் ஏற்கனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சுகாதார அமைச்சின் பள்ளிச் சுகாதாரக் குழுத் தாதியர் வந்து ஆண்டு 1 பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கிறார்கள். 6/18 என்று எழுதித் தந்தால், இயல்பான கண் 18 மீட்டரிலிருந்து படிப்பதை இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்று பொருள். கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/18ஐவிடக் குறைவாக இருந்தால் குறைபார்வை; 3/60க்கும் கீழே போனால் பார்வையின்மை.

ஒரு முறை சோதித்ததோடு கதை முடிவதில்லை. கிட்டப்பார்வை பல பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதில்தான் தொடங்குகிறது. அன்று வராத பிள்ளைக்குச் சோதனை விடுபட்டிருக்கும். அட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, புத்தகத்தை மூக்கருகில் கொண்டுபோவது, பந்து வரும்போது தடுமாறுவது, பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது, இவற்றையெல்லாம் பார்ப்பவர் ஆசிரியர்தான். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதை நாம் திருட்டு என்று தண்டிக்கிறோம். தண்டிக்கும் முன், பலகையருகே வந்து அதே வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மாறுகண் இருந்தால், அல்லது இரண்டு கண்ணின் பார்வைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் மூளை மங்கலான கண்ணைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். சோம்பல் கண் என்று இதைச் சொல்வார்கள். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும், பிறகு கடினம். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று விட்டுவிடும் குடும்பத்திடம் இதைப் பக்குவமாக, ஆனால் உடனே சொல்ல வேண்டும். கண்மணி வெள்ளையாகத் தெரிவது, புகைப்படத்தில் ஒரு கண் வெள்ளையாக ஒளிர்வது அதைவிட அவசரம். அது விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்த வாரமே மருத்துவமனை.

நம் எழுத்துக்கென்று சில சங்கடங்கள் உண்டு. மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் மறைவது புள்ளி. க், க இரண்டும் ஒன்றாகிவிட, ‘பக்கம்’ என்ற சொல்லை எங்கே அழுத்திப் படிப்பது என்று தெரியாமல் திணறும். எ, ஏ, ஒ, ஓ, ன, ண, ர, துணைக்கால்: எல்லாம் சின்னஞ்சிறு கோட்டிலும் சுழியிலும் பிரிபவை. தேய்ந்துபோன நகலிலிருந்து நகலெடுத்த சாம்பல் நிறப் பயிற்சித் தாள் இந்தப் பிள்ளைக்கு வெற்றுத் தாள்தான். மூலத்தாளைக் கருமையாக எடுங்கள். ஏ4 தாளை ஏ3 அளவுக்கு நகலெடுத்தால் எழுத்து 1.4 மடங்காகும். கணினியில் தட்டச்சு செய்தால் 18 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். வெண்பலகையில் கறுப்பு மையே நல்லது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்பிள்ளைகள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள், நிறத்தை மட்டும் நம்பிப் பாடம் நடத்தக்கூடாது. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகை பளபளத்தால் திரை போடுங்கள். சிலருக்கு அதிக வெளிச்சமே எதிரி. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பிள்ளைகளுக்கு வெயிலில் கண் கூசும். தொப்பி போட அனுமதிப்பதில் பள்ளி விதி குறுக்கே நிற்கக்கூடாது. எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரிகிறது என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள், அதற்குத்தான் தெரியும்.

பார்வையே இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால், ‘இதைப் பாருங்கள், இங்கே இருக்கிறது, அதோடு கூட்டுங்கள்’ என்னும் பேச்சு அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. ‘ஏழோடு எட்டைக் கூட்டுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் மற்றப் பிள்ளைகளுக்கும் நல்லது. பேசும் முன் பெயரைச் சொல்லி அழையுங்கள். மேசை நாற்காலியை இடம் மாற்றினால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். பிரெயில் ஆறு புள்ளிகளில் அடங்கியது. தமிழுக்கும் உண்டு, 1951இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த பாரதி பிரெயிலின் பகுதி அது. அச்சில் ‘கெ’ என்னும்போது கொம்பு முன்னால் வருகிறது. பிரெயிலில் க முதலிலும் எகரக் குறி பின்னாலும், ஒலிக்கும் வரிசையிலேயே வரும். தமிழ் எழுத்துக் கற்பிப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

எங்கே போவது

சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து? குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றி இரண்டு வாரம் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்: எப்போது திரும்பவில்லை, எந்தச் சொல் விடுபட்டது, எந்தத் தூரத்தில் படிக்க முடியவில்லை. ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பத்து மடங்கு பயன்படும். அதைப் பெற்றோரிடம் காட்டிப் பேசி, அருகிலுள்ள அரசுச் சுகாதார கிளினிக்குக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு செலாயாங், சுங்கை பூலோ போன்ற பெரிய மருத்துவமனைகளின் காது, கண் நிபுணர்களிடம் போக வேண்டியிருக்கும். குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். உண்மையான செலவு விடுப்பும் பயணமும்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் காரோ பெட்ரோல் செலவோ ஏற்பாடு செய்ய முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் எல்லாமே கடினம். தோட்டப்புறத்தில் அந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதை மனத்தில் வைத்துப் பெற்றோரிடம் பேசுங்கள்.

குறை உறுதியானால் சமூக நலத்துறையில் பதிவு செய்து மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயு கார்டு, எடுக்கலாம். சிறப்புக் கல்வி மாணவராகப் பதிவான பிள்ளைக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள், பிரெயில் தாள் ஆகியவற்றுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ‘அட்டை எடுத்தால் பிள்ளை பேர் கெட்டுவிடும், நாளைக்குக் கல்யாணம்…’ என்று தயங்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை இல்லாமல் கதவுகள் திறப்பதில்லை என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை.

எந்தப் பள்ளி என்பதுதான் பெரிய கேள்வி. நம் நாட்டில் மூன்று வழிகள் உண்டு: சிறப்புக் கல்விப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள் நடக்கும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு, மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் உள்ளடக்கக் கல்வி. முதல் வழிக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்குப் போனது. ஜொகூர் பாருவின் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948இலும், காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் பினாங்கிலும் வந்தன. தமிழகத்தில் இன்னும் முந்தியது: பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ளவை மிகச் சில. அதனால் ‘இந்தப் பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புங்கள்’ என்பது பழக்கமாகிவிட்டது. இங்கே ஓர் ஆபத்து உண்டு. பல வட்டாரங்களில் அருகில் கிடைக்கும் சிறப்பு வகுப்பு கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கானது. செவிக்குறைபாடு தனி வகை, பார்வைக் குறைபாடு தனி வகை. காது மட்டும் மந்தமான, அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளையை அங்கே உட்காரவைப்பது அநியாயம். மிஷின் போட்டு, முன்னால் உட்கார்ந்து, ஆசிரியர் முகம் பார்த்துப் பேசினால் சமாளிக்கக்கூடிய பிள்ளையைத் தன் பள்ளியிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. மாற்றுத்திறன் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற அரசின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. கொள்கை தமிழ்ப்பள்ளிக்கும் பொருந்தும். அதற்கேற்ற ஆளும் பயிற்சியும் தமிழ்ப்பள்ளிக்கு வர வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமை.

மிஷின் போட்டும் கேட்காத பிள்ளைக்குக் கைமொழி வேண்டும். 2008இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியக் கைமொழியை அங்கீகரித்திருக்கிறது. காது கேளாதோர் பள்ளிகளில் படிப்பு மலாயில். பிள்ளை பள்ளியில் கைமொழியும் மலாயும் கற்று விடுமுறைக்கு வீடு திரும்புகிறது. வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். சாப்பிட்டாயா, தூங்கு என்பதற்கு மேல் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள மொழி இல்லை. இதைவிடப் பெரிய இழப்பை நான் அறியேன். கைமொழி கற்றால் பேச்சு வராது என்று பயப்படும் பெற்றோர், பிள்ளைக்கு எந்த மொழியும் முழுதாக வாய்க்காமல் போகும் ஆபத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். குடும்பமே உட்கார்ந்து கைமொழி பழக வேண்டும். அண்ணன், தங்கை, தாத்தா எல்லாரும். அதே நேரம், மிகச் சிறு வயதிலேயே கண்டறிந்து மிஷின் பொருத்தித் தாயும் கூடவே பயிற்சி எடுத்தால் தமிழிலேயே பேச்சு வரும் என்பதையும் மறக்கக்கூடாது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, தாயை வகுப்பில் உடன் உட்காரவைத்து இதைச் செய்துகாட்டிய பள்ளி. அங்கே பயின்ற பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்கிறார்கள். எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

பாலர் பள்ளியிலும் ஆண்டு 1இலும் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, ஒரு வேலையை இந்தத் தவணையிலேயே செய்யுங்கள். அமைதியான ஓர் அறையில் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று சொற்களைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் காது. அதன் பின் ஒரு கண்ணை மூடிப் பலகையில் ஒரு வரி, மற்றக் கண்ணை மூடி இன்னொரு வரி. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். இது மருத்துவச் சோதனை ஆகாது; தடுமாறும் பிள்ளையை அனுப்பிவைக்கப் போதுமானது. தடுமாறியவர்களின் பெயர்களை எழுதி, தலைமையாசிரியர் கையொப்பத்துடன் பெற்றோரிடமும் பள்ளிச் சுகாதாரத் தாதியிடமும் கொடுங்கள். அடுத்த மாதம், போனார்களா என்று கேளுங்கள்.